தினமும் நடக்கிறேன், தரையிலிருந்து எழ முடியவில்லை: இந்த வயதில் எடைப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது. மன்னார்குடியில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எடை 60 கிலோ. பதினொரு வருடமாகச் சர்க்கரைக்கும், அதற்குப் பிறகு பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் ஆரம்பித்திருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். தினமும் காலையில் ஹரித்ராநதிக் கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். அப்படியிருந்தும் போன மாதம் ஒரு வளைகாப்பில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். என் கணவருக்கு 74. ஜனவரியில் நிமோனியா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பியதிலிருந்து சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். ஒருமுறை குளியலறையில் சறுக்கிவிட்டார், நல்ல வேளையாக அடி இல்லை. பெங்களூரில் இருக்கும் மகள், எடைப் பயிற்சி செய்யச் சொல்லி 2 கிலோ டம்பெல் இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில், "வயசான காலத்துல வெயிட் தூக்கினா பிரஷர் ஏறும், கர்ப்பப்பை இறங்கிடும்" என்கிறார்கள். நடப்பது போதாதா? நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

நடப்பது போதாது. நடையை விட வேண்டாம். உங்கள் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் அது செய்வதை வேறெதுவும் அவ்வளவு சுலபமாகச் செய்யாது. ஆனால் ஜமக்காளத்திலிருந்து உங்களை எழுப்பிவிடும் வேலை அதனுடையது இல்லை. தினமும் தவறாமல் நடக்கிற ஒருவரால் தரையிலிருந்து எழ முடியவில்லை என்பது உங்களுக்குப் புதிராக இருக்கிறது. இயன்முறை மருத்துவர்களான நாங்கள் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

காரணம் தசைக்குள் இருக்கிறது. நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. ஒரு வகை மெதுவாக, களைக்காமல் வெகுநேரம் வேலை செய்யும். இன்னொரு வகை வேகமாக, பெரும் பலத்தோடு சுருங்கும், சீக்கிரம் களைத்துவிடும். சமதரையில் நடக்க முதல் வகையே போதும். தரையிலிருந்து எழ, பஸ் படியேற, கால் சறுக்கும் நொடியில் இன்னொரு காலைச் சட்டென்று ஊன்றித் தப்பிக்க, இரண்டாவது வகை வேண்டும். வயது ஏறும்போது முதலில் மெலிவது இந்த இரண்டாவது வகைதான். அதை இயக்கும் நரம்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. கனமான எதையாவது தூக்கும்போதோ வேகமாக எதையாவது செய்யும்போதோதான் உடம்பு அந்த இழைகளைக் கூப்பிடும். ஹரித்ராநதிக் கரையில் நீங்கள் வருடக்கணக்காக நடந்தாலும் அவற்றுக்கு அழைப்பே போவதில்லை. கூப்பிடாத தசை மெலிகிறது.

உங்கள் அம்மாவின் காலத்தில் எடைப் பயிற்சி என்று யாரும் தனியாகச் செய்யவில்லை. குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்தார்கள், இடுப்பில் குடம் சுமந்தார்கள், ஆட்டுக்கல் சுற்றினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கழிப்பறையில் குந்தினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடை முழுப் பலத்தோடு வேலை செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேலைகளுக்குத் திரும்பச் சொல்லவில்லை. அவற்றில் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் சோபா, டைனிங் டேபிள், வெஸ்டர்ன் டாய்லெட் என்று வீடு மாறிய பிறகு, தொடையைக் கடினமாக வேலை வாங்கும் ஒரு சந்தர்ப்பம்கூட நம் நாளில் மிஞ்சவில்லை. அதை நாமாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

"இந்த வயசுல இனிமே தசை வளருமா?" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கணவர் கேட்பார் என்று நினைக்கிறேன். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய வயது 86 முதல் 96 வரை. நோஞ்சான் உடம்பு, பலவிதமான நோய்கள். கொடுத்ததும் லேசான எடையில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதம் வரை ஏற்றினார்கள். எட்டு வாரத்தில் தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தடி ஊன்றி நடந்த இருவர் தடியை விட்டுவிட்டார்கள். அதே ஆய்வாளர்கள் 1994இல் இன்னும் பெரிதாக, நூறு பேரிடம் பத்து வாரம் செய்து பார்த்தபோதும் பலன் உறுதியானது: பலம் இரு மடங்குக்கு மேல் கூடியது, நடை வேகம் கூடியது, மாடிப்படி ஏறுவது சுலபமானது. அவர்களின் சராசரி வயது 87. உங்கள் கணவர் அவர்களைவிட 13 வயது இளையவர்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்த 80 சதவீதத்தை. நம் ஊரில் பெரியவர்களுக்குப் பயிற்சி என்றாலே அரைக்கிலோ டம்பெல்லை மேலும் கீழும் ஆட்டச் சொல்வது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொல்வது என்று நின்றுவிடுகிறது. என் துறையில் உள்ளவர்களும் பயத்தில் இப்படித்தான் அனுப்பிவைக்கிறார்கள். மூன்று மாதம் செய்துவிட்டு, "ஒன்னும் பிரயோஜனம் இல்ல" என்று அந்தப் பெரியவர் விட்டுவிடுகிறார். அவர் சொல்வது சரி. அந்த எடைக்குப் பிரயோஜனம் இருக்காது. முதல் இரண்டு வாரம் பழகுவதற்கு லேசாகச் செய்யலாம். அதன் பிறகு எடை கூடிக்கொண்டே போக வேண்டும். வயதானவர்களுக்கு எடை அதிகமாகிவிடுவதால் வரும் கெடுதலைவிட, எடை போதாமல் போவதால் வரும் கெடுதலையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு சோதனை. கை வைக்காத, மரத்தாலான, ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை முழுதாக எழுந்து நின்று உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கைபேசியில் நேரம் பார்க்கட்டும். ஆசிய நாடுகளின் தசையிழப்பு மருத்துவக் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தொடைத் தசை தேவைக்குக் குறைவாக வேலை செய்கிறது என்று பொருள். கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாவிட்டாலும் கலங்க வேண்டாம். எத்தனை நொடி ஆனது, அல்லது எத்தனை தடவை முடிந்தது என்பதைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள்.

அந்தச் சோதனையேதான் உங்கள் முதல் பயிற்சியும். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு முன்னால் வரும்படி உடம்பைச் சாய்த்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். எழும்போது வேகம், உட்காரும்போது நிதானம், மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும். பத்து தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. முதல் இரண்டு வாரத்துக்கு இவ்வளவுதான்.

பத்து தடவை செய்து முடித்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்னும் எத்தனை முடியும்? "இரண்டு முடியும், மூன்றாவது சந்தேகம்" என்றால் எடை சரியாக இருக்கிறது. "இன்னும் இருபதுகூட எழுந்திருப்பேன்" என்றால் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலில் தலையணையை எடுங்கள். பிறகு மகள் அனுப்பிய டம்பெல்லில் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். அதுவும் சுலபமானால் இரண்டு. அப்புறம் ஒரு மஞ்சப்பையில் ஐந்து கிலோ அரிசியைக் கட்டி அணைத்துக்கொள்ளலாம். மகள் அனுப்பியது மொத்தம் 8 கிலோ, அது வீண் போகாது. கையை மட்டும் மடக்கி நீட்டத்தான் டம்பெல் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் பிரச்சினை கையில் இல்லை, தொடையிலும் இடுப்புக்குப் பின்னால் இருக்கும் புட்டத் தசையிலும் இருக்கிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து இவற்றைச் சேருங்கள். சமையல் மேடையை லேசாகத் தொட்டுக்கொண்டு குதிகால்களை உயர்த்தி நின்று இறங்குவது. சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று இரு கைகளாலும் செய்யும் சுவர்த் தண்டால். வாசல்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. கைப்பிடி பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் டம்பெல்லை இடுப்புவரை இழுப்பது. முக்காலி மேல் வைத்த பையை, முதுகை வளைக்காமல் இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனிந்து எடுத்து நிமிர்வது. கடைசியாக, இரண்டு கையிலும் ஒவ்வொரு பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நாலு நடை. சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வருவதைப் போலத்தான், ஆனால் பையில் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாரத்துக்கு வாரம் கூட்டுவீர்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் பிடிக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் இரண்டு நாளாவது விடுங்கள், தசை பலப்படுவது ஓய்வில்தான். மற்ற நாட்களில் வழக்கம்போல் நடங்கள். உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும், அதோடு மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. சமநிலைக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். பால் காயும்வரை அடுப்பு மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள், பிறகு காலை மாற்றுங்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம்.

ஆறு வாரம் கழிந்ததும், வீட்டில் இன்னொருவர் கூட இருக்கும்போது, தரையிலிருந்து எழும் பயிற்சியைத் தொடங்கலாம். நேராக எழ முயலாதீர்கள். ஒரு பக்கம் திரும்பி, கையை ஊன்றி, மண்டியிட்டு நாலு காலில் வாருங்கள். முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை இருக்கட்டும். முன்னால் ஒரு நாற்காலி. அதைப் பிடித்துக்கொண்டு பலமான காலை முன்னால் வைத்து எழுங்கள். என்றைக்காவது தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால், யாராவது வரும்வரை தரையில் கிடக்காமல் எழுந்துவர இந்த ஒரு பழக்கம் போதும். இதை எல்லாப் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

இனி நீங்கள் பயப்படும் விஷயங்கள்.

முழங்கால். தேய்மானம் இருக்கும் மூட்டுக்கு ஓய்வு கொடுத்தால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். தொடையின் முன்பக்கத் தசை மெலிய மெலிய, ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் மூட்டின் மேலேயே நேராக இறங்கும். முழங்கால் தேய்மானத்துக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் மாத்திரைக்கும் ஊசிக்கும் முன்னால் தொடைப் பயிற்சியை வைப்பதற்குக் காரணம் இதுதான். செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? மூன்று, நாலு வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால், அல்லது மூட்டு வீங்கினால், நாற்காலியின் உயரத்தைக் கூட்டி ஆழத்தைக் குறையுங்கள். பயிற்சியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தொடை சதை இரண்டு நாள் கடுப்பது வேறு, அது போய்விடும்.

பிரஷர். எடை தூக்கும் நொடியில் ரத்த அழுத்தம் ஏறுவது உண்மை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் மிக அதிகமாக ஏறும். ஆகவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. எழும்போது மூச்சு வெளியே, உட்காரும்போது உள்ளே. மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஓய்வு நேர அழுத்தம் சில புள்ளிகள் குறையவே செய்கிறது. அன்றைக்குப் பிரஷர் 180க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், எழுந்ததும் இரண்டு நொடி நின்று நிதானித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் வயலுக்கும் தண்ணீருக்கும் அனுப்பப்பட்ட பெண்களைப் பார்த்த தலைமுறையின் பயம் அது. அடி இறக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி, உடல் பருமன், நாள்பட்ட இருமல், தினமும் முக்க வைக்கும் மலச்சிக்கல். மூச்சைப் பிடிக்காமல் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை அந்த வரிசையில் வைக்க முடியாது. ஆனால் கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது இவற்றில் ஏதாவது இருந்தால், கூச்சப்படாமல் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எத்தனையோ அம்மாக்கள் இதை மகளிடம்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் துணி வைத்துச் சமாளிக்கிறார்கள். அதற்கும் பயிற்சி இருக்கிறது: சிறுநீரை அடக்குவது போல இடுப்புத் தளத் தசைகளை ஐந்து நொடி இறுக்கி விடுவது, பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. இறக்கம் ஏற்கெனவே இருந்தால் எவ்வளவு எடை என்பதை நேரில் பார்க்கும் ஒருவர் முடிவு செய்ய வேண்டும்.

எலும்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு சில ஆண்டுகளுக்கு முன் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், கண்காணிப்பில், நல்ல கனமான எடை தூக்கினார்கள். இன்னொரு பிரிவினர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் கனமாகத் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடியது. லேசாகச் செய்தவர்களுக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. கனமாகத் தூக்கியவர்கள் யாருக்கும் எலும்பு முறியவில்லை. அவ்வளவு கனத்தை வீட்டில் தனியாகத் தூக்கச் சொல்லவில்லை, அதற்குப் பயிற்றுநர் பக்கத்தில் வேண்டும். லேசாக ஆட்டிக்கொண்டிருந்தால் எலும்புக்கும் பலனில்லை என்பதற்காகச் சொன்னேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை நீங்கள் இதுவரை எடுத்ததில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அது போவதற்கு இடம் குறைகிறது. அதனால் இந்தப் பயிற்சி உங்கள் சர்க்கரை வைத்தியத்தின் ஒரு பகுதி. வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் பயிற்சியோடு சேரும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட ஒரு ஸ்பூன் சர்க்கரை பக்கத்தில் இருக்கட்டும். பதினொரு வருடச் சர்க்கரை என்பதால் கண் பரிசோதனை செய்து, விழித்திரையில் ரத்தக் கசிவோ புது ரத்தக் குழாய்களோ இல்லை என்று உறுதியான பிறகு எடையைக் கூட்டுங்கள்.

சாப்பாடு. சைவக் குடும்பங்களில் பெரியவர்கள் சாப்பிடுவது பெரும்பாலும் அரிசியும் குழம்பும்தான். இரவில் "லேசா ரெண்டு இட்லி போதும்" என்பார்கள். இரண்டு இட்லியில் புரதம் நாலு கிராம் இருந்தால் அதிகம். உங்கள் வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், அதாவது உங்களுக்கு 60 முதல் 72 கிராம். இதைச் சைவத்திலேயே எட்டலாம், ஆனால் யோசித்துச் சாப்பிட வேண்டும். கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ சுண்டலாக ஒரு கிண்ணம் (இதில் மட்டும் பத்து கிராம் வரை கிடைக்கும்), இரண்டு வேளை கெட்டித் தயிர், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை அல்லது வேர்க்கடலை. மீல் மேக்கர் 30 கிராம் ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 15 கிராம் புரதம். பனீர் பிடித்தால் அதுவும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, அதில் குறை இருந்தால் புரத அளவை டாக்டர் சொல்லியபடி வையுங்கள்.

மகள் அடுத்துப் புரத பவுடர் டப்பா அனுப்புவாள் என்று நினைக்கிறேன். 1994ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு பிரிவினருக்குச் சத்துபானம் மட்டும் கொடுத்துப் பயிற்சி கொடுக்காமல் விட்டார்கள். அவர்களுக்குப் பலம் கூடவில்லை. கொத்தனார் வராத மனையில் செங்கல் இறக்கி என்ன பயன்?

இப்போது உங்கள் கணவர். உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆரோக்கியமான, சராசரி 67 வயதுள்ளவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. அவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லை. உங்கள் கணவருக்கு 74 வயது, நிமோனியா, சரியான சாப்பாடு இறங்கியிருக்காது. அவர் சுவரைப் பிடித்து நடப்பதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அவர் இழந்தது ஜனவரியில் இழந்தது, திரும்பி வரக்கூடியது.

அவர் உங்களோடு சேர்ந்து இதே பயிற்சியைத் தொடங்கக் கூடாது. முதலில் மருத்துவர் அவரைப் பார்க்க வேண்டும்: நுரையீரல் எப்படி இருக்கிறது, படுத்திருந்துவிட்டு நிற்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, பார்வை, பாதத்தில் உணர்ச்சி, சாப்பிடும் மாத்திரைகளில் எதாவது தலைசுற்ற வைக்கிறதா என்று. அதன் பிறகு இரண்டு தலையணை போட்ட நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுவது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நீங்கள் பக்கத்தில் நிற்க. பத்து நாளில் எட்டு தடவை ஆகட்டும், பிறகு ஒரு தலையணையை எடுக்கலாம். சுவர் பிடிமானம் ஆகாது, கை வழுக்கும். உயரம் பார்த்து வாங்கிய தடி அல்லது வாக்கர் சில மாதத்துக்கு இருப்பதில் அவமானம் இல்லை என்று நீங்கள்தான் அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, இரவில் எரியும் சின்ன விளக்கு, இந்த மூன்றையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருடைய நிலையைச் சொல்லிப் பதியுங்கள். பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது பலருக்குத் தெரிந்திருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் வருவது தெரிவதில்லை.

இன்னொன்று, கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். "நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று தண்ணீரும் பேப்பரும் மாத்திரையும் அவர் கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். நம் வீடுகளில் பாசம் அப்படித்தான் வெளிப்படும். நோயிலிருந்து எழுந்தவருக்கு அது முதல் வாரம் மருந்து, மூன்றாவது மாதம் கெடுதல். தண்ணீர்ச் சொம்பு சமையலறையிலேயே இருக்கட்டும், அவர் எழுந்துபோய்க் குடிக்கட்டும். நீங்கள் பின்னாலேயே போங்கள், கை கொடுக்காமல்.

எப்போது பலன் தெரியும்? நாலாவது வாரத்திலேயே எழுவது கொஞ்சம் சுலபமாகும். அது நரம்புகள் இருக்கிற தசையைச் சரியாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால். தசை உண்மையில் பருக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நடுவில், ஆறாவது ஏழாவது வாரத்தில், ஒன்றும் முன்னேறாதது போல் இருக்கும். பலர் விடுவது அங்கேதான். விட்டால் வேகமாகப் போய்விடும்: பாஸ்டன் ஆய்வில் பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில், கிடைத்த பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஊருக்குப் போனாலும், கல்யாணம் காட்சி வந்தாலும், வாரத்துக்கு ஒரு நாளாவது நாற்காலிப் பயிற்சியை விடாமல் வைத்திருந்தால் பெரும்பகுதி நிற்கும்.

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ, கண் இருட்டுவதோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காத்திருந்து பார்க்காதீர்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், குடலிறக்கம் உள்ளவர்களும், இதய வால்வு இறுகியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது கண், சிறுநீரகம், ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிட்டு, "நான் எடை தூக்கிப் பயிற்சி செய்யப் போகிறேன், தடை ஏதும் உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். "பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் நடக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அந்த ஐந்து தடவைச் சோதனையை மறுபடி செய்து, இரண்டு பேருடைய நொடிகளையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்து எவ்வளவு எடை என்று சொல்ல முடியும்.